1971 போருக்குப் போய் வந்த எங்கள் ஊர் ஹவில்தார்: வாழ்வும் இறப்பும்

கமண்டலநதி எழுதியது:

என் பெரியப்பா போன மாதம் காலமானார். எண்பத்தொரு வயது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பதினாறாவது பட்டாலியனில் இருந்தவர். சீனப் போருக்குப் பிறகு இராணுவத்தைப் பெரிதாக்கியபோது, 1963இல் வேலூரில் நடந்த ஆளெடுப்பில் தேர்வானார். நீலகிரியில் உள்ள வெலிங்டனில் பயிற்சி. பாகிஸ்தானோடு நடந்த 1965, 1971 இரண்டு போர்க் காலத்திலும் பணியில் இருந்தார். 1979இல் ஹவில்தாராக ஊர் திரும்பிய பிறகு, ஆரணிக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊரை விட்டு அவர் பெரிதாக எங்கும் போகவில்லை. கிணறும் மணிலாக் கொல்லையுமாக வாழ்ந்து முடித்தார்.

சாவு வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். ஊர் இளைஞர்கள் பெரிய தேசியக் கொடி ஒன்றை வாங்கி வந்து உடல்மேல் போர்த்தினார்கள். மாலை போட வந்த அரசு ஊழியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இப்படிப் போர்த்துவது சட்டப்படி குற்றம், உடனே எடுங்கள் என்றார். பையன்கள் மறுத்தார்கள். பாடைக்கு முன்னாலேயே சத்தம் பெரிதாகிவிட்டது. கடைசியில் என் அண்ணனே கொடியை எடுத்து மடித்து உள்ளே வைத்தான். பெரியம்மா தலைமாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கருமாதி முடிந்தும் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

என் கேள்விகள் மூன்று. போரில் நின்றவர் உடல்மேல் கொடி போடக் கூடாதா? பெரியம்மாவின் பெயர் இராணுவப் புத்தகத்தில் ஒருமாதிரியும் ஆதாரில் வேறுமாதிரியும் இருக்கிறது, குடும்ப ஓய்வூதியம் வருமா? மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். பெரியப்பா போரில் என்ன செய்தார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான்கு மெடல்கள் இருக்கின்றன. அவை எதற்குக் கொடுக்கப்பட்டன என்றுகூட எங்களுக்குத் தெரியாது. இப்போது யாரிடம் கேட்பது?

சட்டநூல் எழுதியது:

உங்கள் துக்கத்தில் பங்கு கொள்கிறேன். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அந்த ஊழியர் சொன்னது சட்டப்படி சரி. சொன்ன இடமும் சொன்ன விதமும் சரியில்லை. 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், அரசு மரியாதையுடன் நடக்கும் இறுதிச் சடங்கு, இராணுவம் மற்றும் துணை இராணுவப் படைகளின் இறுதிச் சடங்கு ஆகியவற்றுக்கு மட்டுமே கொடியைப் போர்த்த அனுமதிக்கிறது. மற்ற எந்த வகையில் போர்த்தினாலும் அவமதிப்பு. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கொடி போர்த்தும் சடங்கிலும் விதி உண்டு. காவி நிறம் தலைப்பக்கம் வர வேண்டும், கொடியைக் குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது.

பணியில் இருக்கும்போது இறப்பவருக்கு இந்த மரியாதை படையின் வழியாகவே வந்துவிடுகிறது. ஓய்வு பெற்றுப் பல ஆண்டு கழித்து வீட்டில் இறப்பவருக்கு அது தானாக வருவதில்லை. சாதாரணக் குடும்ப ஈமச் சடங்கை ‘இராணுவ இறுதிச் சடங்கு’ என்று யாராலும் அறிவித்துவிட முடியாது. அதனால் அண்ணன் கொடியை எடுத்தது சரிதான். ஆனால் பெரியம்மாவிடம் யாராவது இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். கணவருக்குத் தகுதி இல்லை என்று எடுத்ததாக அவர் நினைத்துக்கொண்டிருக்கக் கூடும்.

பட்டாளத்தார் மகள் எழுதியது:

எங்கள் அப்பா இறந்தபோது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு உடனே தகவல் சொன்னோம். மலர் வளையம் வந்தது. பக்கத்து ஊர்களில் இருந்த பழைய பட்டாளத்தார்கள் மெடல் அணிந்து வந்து வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. கொடியைவிட, அவரோடு அதே தட்டில் சாப்பிட்டவர்கள் வந்து நின்றதுதான் பெரிது.

ஏரிக்கரை எழுதியது:

என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்கிறேன்.

இராணுவத்தில் இருந்து வந்தவருக்கு ஓய்வூதியம் உண்டு, கேண்டீன் உண்டு, மருத்துவ வசதி உண்டு, அரசு வேலையில் ஒதுக்கீடு உண்டு, சிலருக்கு நிலமும் கிடைத்தது. எங்கள் ஊரில் பனையில் இருந்து விழுந்து இறந்தவர் இருக்கிறார். கிணறு வெட்டும்போது மண் சரிந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு யார் வளையம் வைத்தார்கள்? உழைத்து இறந்தவன் எல்லோருக்கும் ஒரே மரியாதைதான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். போரைப் பற்றிப் பெருமையாகப் பேசப் பேச, அடுத்த போருக்கு ஆள் சேர்ப்பது எளிதாகிறது. கமண்டலநதியின் பெரியப்பாவை நான் குறைத்துப் பேசவில்லை. வணக்கத்துக்குரிய விவசாயியாக அவரை நினைக்க முடியாதா என்றுதான் கேட்கிறேன்.

பழைய சாப்பர் எழுதியது:

ஏரிக்கரை தம்பி, கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். கிணறு வெட்டியவனுக்கும் மரியாதை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. நான் பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற இராணுவப் பொறியாளர் படையில் 1975இல் சேர்ந்தவன். 1971 போரை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் கையில் தொழில் கற்றவன். அவர்களில் ஒருவர்கூடப் போரைப் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. போரைப் பெருமை பேசுகிறவர்கள் பெரும்பாலும் போகாதவர்கள்.

கமண்டலநதி அம்மா, மெடல்களின் பெயரை எழுதுங்கள். விளிம்பைப் பார்த்தால் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும்.

கமண்டலநதி எழுதியது:

அண்ணன் பார்த்துச் சொன்னான் ஐயா: ரக்ஷா மெடல், பச்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல், விடுதலையின் 25ஆம் ஆண்டு மெடல். எல்லாவற்றிலும் எண் இருக்கிறது. பூஜை மாடத்தில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார்களாம்.

பழைய சாப்பர் எழுதியது:

நான்கு மெடல்களை வைத்தே கொஞ்சம் சொல்ல முடியும்.

ரக்ஷா மெடல் 1965இல் பணியில் இருந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுக்கப்பட்டது. அந்தப் போரின் களத்திலேயே இருந்தவர்களுக்குச் சமர் சேவா ஸ்டார் தனியாக உண்டு. அது அவரிடம் இல்லை. ஆகவே 1965இல் அவர் எல்லைக் களத்தில் இல்லாதிருக்கலாம். பச்சிமி ஸ்டார் என்பது 1971இல் மேற்குக் களத்தில் இருந்தவர்களுக்கு. கிழக்கே, டாக்கா பக்கம் போனவர்களுக்குப் பூர்வி ஸ்டார். சங்கிராம் மெடல் அந்தக் காலத்தில் பணியில் இருந்த அனைவருக்கும்.

1971, மேற்கு, பதினாறாவது மெட்ராஸ் என்றால் அது எல்லைக்கு அப்பால், பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதி. பசந்தர் ஆறு. அங்கே நடந்ததை உங்கள் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

டிசம்பர் 15 இரவு, 47ஆம் காலாட்படைப் பிரிகேட் அந்த ஆற்றைக் கடந்தது. பதினாறாவது மெட்ராஸ், மூன்றாவது கிரெனேடியர்ஸ் என்ற இரண்டு காலாட்படைப் பட்டாலியன்களும் அதில் இருந்தன. ஆறு பெரிதில்லை. கண்ணிவெடி புதைத்த நிலம்தான் பெரிது. காலாட்படை இருட்டில் அதைக் கடந்து எதிர்க்கரைக்குப் போய் இடம் பிடித்தாக வேண்டும். பின்னால் சாப்பர்கள் வழி திறக்க வேண்டும். வழி திறந்த பிறகுதான் நம் டாங்கிகள் வர முடியும். அதுவரை எதிர்க்கரையில் இருப்பவர்கள் டாங்கித் துணை இல்லாமல் நிற்க வேண்டும்.

சாப்பர் வேலையையும் சொல்கிறேன். டாங்கியின் முன்னால் கட்டிய உருளைகள் ஒரு பக்கம். மற்றபடி ஆள் வயிற்றில் படுத்து, கம்பியைச் சாய்வாக மண்ணில் செருகிச் செருகி, கையால் தடவி எடுக்கும் வேலை அது. திறந்த பாதையின் இரண்டு ஓரத்திலும் வெள்ளை நாடா விரித்துக்கொண்டே போவார்கள். நாடாவுக்கு வெளியே கால் வைத்தால் கால் இருக்காது. டிசம்பர் மாதப் பஞ்சாப் குளிரில், தலைக்கு மேல் பீரங்கிக் குண்டு விழும்போது இதைச் செய்தார்கள்.

எதிரி டாங்கிகள் வருகின்றன என்று முன்னால் இருந்தவர்கள் சொன்னபோது பாதை முழுதாகத் திறந்திருக்கவில்லை. நம் பூனா ஹார்ஸ் படையின் டாங்கிகள் அந்தப் பாதையிலேயே துணிந்து வந்தன. மறுநாள் 16ஆம் தேதி நடந்த டாங்கிச் சண்டையில்தான் அந்தப் படையின் அதிகாரி அருண் கேத்தர்பால் இறந்தார். போர் வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா அவருக்கு. கிரெனேடியர்ஸில் மேஜர் ஹோஷியார் சிங்குக்கும் அதே விருது. இந்தப் பெயர்களை நாடு அறியும். அதே கரையில் பள்ளம் தோண்டி உட்கார்ந்திருந்த நூற்றுக்கணக்கான சிப்பாய்களில் ஒருவர் உங்கள் பெரியப்பா. 17ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு மேற்குக் களத்தில் போர் நின்றது.

நடுகல் எழுதியது:

செங்கம் பக்கம் நடுகற்களைப் பார்த்து வருகிறவன் நான். பல்லவர் காலத்தில் இருந்து நிற்கும் கற்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்த மாடுபிடிச் சண்டையில் பட்டான் என்று வட்டெழுத்தில் வெட்டியிருப்பார்கள். கீழே விழுந்தவனின் பெயர் இருக்கும். சிலவற்றில் அவனது நாய்கூட இருக்கும்.

ஆனால் அந்தக் கற்கள் எல்லாமே பட்டவர்களுக்கு நட்டவை. சண்டைக்குப் போய்விட்டு மாட்டோடு உயிருடன் திரும்பி, முப்பது நாற்பது வருடம் உழுது, முதுமையில் இறந்தவனுக்கு நட்ட கல்லை நான் பார்த்ததில்லை. திரும்பி வந்தவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்ற வழக்கமே நம்மிடம் உருவாகவில்லையோ என்று இந்த இழையைப் படிக்கும்போது தோன்றுகிறது. இளைஞர்கள் கொடியைத் தேடி ஓடியது அதனால்தான் போலும். வேறு என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வெள்ளைக்காரர்கள் செய்தது இன்னும் மோசம். முதல் உலகப் போருக்குப் பிறகு பல கிராமங்களில் பளிங்குப் பலகை வைத்தார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இரண்டு எண்கள். பெயர் ஒன்றுகூட இல்லை. வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவர் இராணுவத்துக்குப் போகும் ஊர்களில் வாய்வழியாகவாவது பெயர்கள் தங்கின. மற்ற ஊர்களில் அதுவும் போய்விட்டது.

ஊர்க்கோடி எழுதியது:

நடுகல் அவர்கள் பெயர் இல்லாததைச் சொன்னார். எங்கள் பக்கம் பெயர் இருந்தும் சொல்ல மாட்டார்கள்.

என் தாத்தாவின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் சாப்பராக இருந்தவர். பழைய மெட்ராஸ் இராணுவத்தில், குறிப்பாகச் சாப்பர்களில், பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள் என்பது வரலாறு தெரிந்தவர்களுக்குத் தெரியும். பிறகு, தெற்கத்தியர்களுக்குப் போர் வராது, வடக்கே சில சாதிகள்தான் போர்ச் சாதிகள் என்று ஆங்கிலத் தளபதிகள் ஒரு கொள்கையை வகுத்து மெட்ராஸ் காலாட்படையைத் தேய்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள். அப்போதுதான் எங்கள் தெருவில் இருந்து பலர் போனார்கள்.

பூட்ஸும் காக்கியுமாகத் திரும்பி வந்தவர், ஊர்த் தெரு வழியாக நடந்ததற்காகப் பஞ்சாயத்தில் நிறுத்தப்பட்டார். முகாமில் எல்லோருடனும் ஒரே பந்தியில் சாப்பிட்டவர் அவர். ஊருக்கு வந்தால் டீக்கடையில் தனிக் குவளை. இறந்தபோது உடலைச் சுற்றுப் பாதையில் வயல் வரப்பு வழியாகத்தான் கொண்டு போனோம். முழங்கால் அளவு சேறு. அன்று தோள் கொடுத்த என் அப்பா இதைச் சொல்லும்போது இப்போதும் அவர் குரல் மாறிவிடும்.

ஏரிக்கரை அவர்களுக்கு: எல்லா உழைப்பாளிக்கும் ஒரே மரியாதை என்பது நல்ல சொல்தான். எங்கள் தெருவுக்கு இராணுவச் சீருடை என்பது, மனிதனாக நடத்தச் சொல்லிக் கேட்கக் கிடைத்த முதல் ஆதாரம். அதனால்தான் சீருடையில் அவர் இருக்கும் படத்தை இன்னும் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம்.

ஏரிக்கரை எழுதியது:

ஊர்க்கோடி, நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். இந்தக் கோணம் எனக்குப் புதிது. உங்களோடு வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் எங்கே போரிட்டார் என்று தெரியுமா?

ஊர்க்கோடி எழுதியது:

பர்மா. பாலம் கட்டியதாகச் சொல்வாராம். அவ்வளவுதான் தெரியும்.

ஓய்வூதியக் கணக்கன் எழுதியது:

இரண்டாவது கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். பெரியம்மா அடுத்த மாதம் எதை வைத்துச் சாப்பிடுவார் என்பது அதில்தான் இருக்கிறது. பல வருடம் இந்தக் கோப்புகளைப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில், இறப்பை உடனே தெரிவியுங்கள். இறந்த நாள் வரைதான் அவருடைய ஓய்வூதியம். அதற்கு மேல் கணக்கில் விழுந்த தொகையை எடுத்திருந்தால் பிறகு குடும்ப ஓய்வூதியத்தில் பிடிப்பார்கள். ஏடிஎம் அட்டையைப் பெட்டியில் பூட்டி வையுங்கள்.

அடுத்து, பழைய ஓய்வூதிய ஆணையை எடுத்துப் பாருங்கள். மனைவியின் பெயரும் அதிலேயே சேர்ந்திருந்தால் வேலை எளிது. இறப்புச் சான்று, பெரியம்மாவின் ஆதார், பான், வங்கிக் கணக்கு, படம் ஆகியவற்றோடு விண்ணப்பித்தால் போதும். 1979இல் ஓய்வு பெற்றவர்களின் ஆணைகளில் மனைவி பெயர் இல்லாமலே இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் ரெஜிமென்ட்டின் ஆவணக் காப்பு அலுவலகம் வழியாகத் திருத்த ஆணை வாங்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு அது வெலிங்டனில் இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமாக அனுப்புங்கள். நீங்களே அனுப்பினால் ஒரு தாள் குறைந்தாலும் திரும்பி வரும், ஒவ்வொரு முறையும் மாதங்கள் போகும்.

பெயர் வேறுபாடு பற்றி: அந்தக் காலத்தில் கம்பெனி எழுத்தர் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாமலும் இருந்திருக்கும். பிறந்த வீட்டில் ஒரு பெயர், புகுந்த வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்று. இரண்டும் ஒரே ஆள்தான் என்ற உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்யுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த, அவரை அறிந்த வயதானவர்கள் இருவர் சாட்சிக்கு வேண்டும். இப்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

குடும்ப ஓய்வூதியம் சாதாரணமாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதக் கணக்கு. இதில் பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. எண்பது வயது முடிந்தால் 20 சதவீதம் கூடும். 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு முடிந்தால் இரட்டிப்பு. விதவைகளுக்கும் இது உண்டு. ஆனால் அவர்கள் பிறந்த தேதி ஆணையில் ஏறியிருந்தால்தான் தானாக வரும். தேதி இல்லாததால் தொண்ணூறு வயதுப் பாட்டிகள் வருடக்கணக்கில் அடிப்படைத் தொகை மட்டும் வாங்கிக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறேன். திருத்த ஆணை கேட்கும்போதே பெயரோடு பிறந்த தேதியையும் சேர்த்துக் கேளுங்கள்.

நவம்பர் மாத வாழ்நாள் சான்றை மறக்காதீர்கள். கைரேகை பதியவில்லை என்பார்கள். மண்வெட்டி பிடித்த கைகளுக்கு ரேகை தேய்ந்துதான் இருக்கும். முகம் காட்டிச் செய்யும் முறை இப்போது இருக்கிறது.

மலேயாப் பேரன் எழுதியது:

ஓய்வூதியம் இருக்கிறதே என்று மேலே ஒருவர் எழுதினார். எல்லோருக்கும் இல்லை. என் தாத்தா இரண்டாம் உலகப் போருக்காகவே சேர்க்கப்பட்டு, போர் முடிந்ததும் 1946இல் அனுப்பப்பட்டவர். ஓய்வூதியத்துக்குப் பதினைந்து வருடப் பணி வேண்டும். அவருக்கு ஆறுகூட நிறையவில்லை. கையில் ஒரு சிறு தொகை, ஊர் வரை ரயில் டிக்கெட், அவ்வளவுதான். அவருடைய தம்பி மலேயா ரப்பர்த் தோட்டத்தில் இருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர். தம்பிக்கு 1972க்குப் பிறகு விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியம் கிடைத்தது. அண்ணனுக்கு இல்லை. பர்மாக் காட்டில் இரண்டு பேரும் எதிரெதிர் பக்கம் நின்றிருக்கிறார்கள். வயதான பிறகு ஒரே திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். அதைப் பற்றி இருவரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

ஓய்வூதியக் கணக்கன் எழுதியது:

உண்மை. தமிழ்நாடு அரசு இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மாத உதவி தருகிறது. அதுபோக, ஓய்வூதியம் இல்லாத, 65 வயது கடந்த, ஹவில்தார் மற்றும் அதற்குக் கீழ் பதவியில் இருந்தவர்களுக்கு மத்திய அரசின் வறுமை உதவித் தொகை இருக்கிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் முதல் 8,000 ஆக்கினார்கள். கேட்டு வாங்க வேண்டும். வீடு தேடி வராது.

கமண்டலநதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சட்டநூல் அவர்கள் சொன்னபடி கொடி விஷயத்தைப் பெரியம்மாவிடம் பேசினேன். அவர் நினைத்தது அப்படியேதான். ‘சண்டையில் சாகவில்லை என்பதால் எடுத்துவிட்டார்களோ என்று இருந்தேன்’ என்றார். விளக்கினேன். தலையசைத்தார். அதற்குப் பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார். நான் செல்பேசியில் பதிவு செய்துகொண்டேன்.

எங்கள் ஊரில் பெரியப்பாவுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. மிலிட்டரிக்காரர் திமிர் பிடித்தவர், கூப்பிட்டால் திரும்ப மாட்டார், கோவிலில் பேசினால் பதில் சொல்ல மாட்டார் என்பார்கள். நாங்களும் அவரிடம் நெருங்கியதில்லை. பெரியம்மா சொன்னார்: அவருக்கு இடது காது 1971இல் இருந்தே கேட்காது. குண்டுச் சத்தத்தில் போனது. வலது காதும் ஐம்பது வயதுக்கு மேல் குறைந்துவிட்டது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாராம். அதனால்தான் பெரியம்மா எப்போதும் அவருக்கு வலப்பக்கமாகவே நடந்திருக்கிறார், வலப்பக்கமாகவே உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் இருக்கும் எல்லாப் படங்களையும் எடுத்துப் பார்த்தேன். என் கல்யாணப் படத்திலும் அப்படியே நிற்கிறார்கள்.

ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவர் அவர். முதியோர் உதவித் தொகை, பட்டா மாறுதல், மின் இணைப்பு எல்லாம். கேட்க வந்தவர்களிடம், ‘சொல்லாதே, இந்தத் தாளில் எழுது’ என்பாராம். எழுதத் தெரியாதவர்களைப் பெரியம்மாவிடம் சொல்லச் சொல்வாராம். பெரியம்மா அவர் வலது காதருகே போய்த் திரும்பச் சொல்வார். அதையும் அதிகாரத் தோரணை என்றே ஊர் எடுத்துக்கொண்டது.

போர் நின்ற பிறகும் அந்த நிலத்திலேயே பல மாதம் பதுங்குகுழியில் இருந்தார்களாம். பிறகு ஒப்பந்தம் ஆகி, பிடித்த இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கியிருக்கிறார்கள். பெரியப்பா போரைப் பற்றிப் பெரியம்மாவிடம் சொன்னது அது ஒன்றுதான். ‘கொடுத்தது நல்லதுதான். அங்கே ஒருவன் கோதுமை விதைத்திருந்தான். திரும்பி வந்து பார்த்திருப்பான்’ என்றாராம்.

பழைய சாப்பர் எழுதியது:

1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு நடந்தது அது.

காது விஷயம் என்னை உலுக்கிவிட்டது. இது உங்கள் பெரியப்பா ஒருவர் கதை இல்லை. பீரங்கிப் பக்கத்திலும் டாங்கிப் பக்கத்திலும் நின்ற எத்தனையோ பேருக்குக் காது போனது. சொன்னால் மருத்துவத் தகுதியைக் குறைத்து வகைப்படுத்துவார்கள். பதவி உயர்வு நின்றுவிடும். ஹவில்தார் ஆக வேண்டும், பதினைந்து வருடம் முடிக்க வேண்டும், ஊரில் தங்கை கல்யாணம் இருக்கிறது. ஆகவே வாயைத் திறக்க மாட்டார்கள். ஓய்வு பெறும்போது மருத்துவக் குழுவின் முன்னாலும் நலமாக இருக்கிறேன் என்றே கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் குழு குறைந்தது 20 சதவீத ஊனம் என்று எழுதி, அது பணியால் வந்தது என்றும் ஏற்றுக்கொண்டால்தான் ஊனமுற்றோர் ஓய்வூதியம். எழுதாததை நாற்பது வருடம் கழித்து நிரூபிப்பது மிகக் கடினம். ஆக, அவருக்குச் சேர வேண்டியது ஒன்று கடைசி வரை சேரவில்லை.

பட்டாளத்தார் மகள் எழுதியது:

கமண்டலநதி, உங்கள் பெரியம்மாவைப் பற்றித் தனியாக எழுதுங்கள். எங்கள் அம்மாக்களை யாரும் எழுதுவதில்லை.

எங்கள் அம்மாவுக்கு அப்பா வருடத்துக்கு இரண்டு மாதம். மீதி நாளெல்லாம் ‘56 ஏ.பி.ஓ.’ என்ற இராணுவ அஞ்சல் முகவரிதான் அவர். அவர் எங்கே இருக்கிறார் என்று அந்த முகவரியில் தெரியாது. பனியா பாலைவனமா என்று தெரியாமலே கம்பளிச் சட்டை பின்னி அனுப்புவார். மாமனார் மாமியாரைப் பார்த்து, ஏர் பிடிக்க ஆள் தேடி, மணியார்டர் வந்தால் கடனை அடைத்து, போர்க் காலத்தில் ரேடியோ இருக்கும் வீட்டு வாசலில் போய் நின்று செய்தி கேட்டவர். தந்திக்காரர் தெருவுக்குள் வந்தால் எந்த வீட்டுக்குப் போகிறார் என்று பார்ப்பதற்குள் உயிர் போய்விடும் என்பார். அப்பா திரும்பி வந்த பிறகு, பழக்கமில்லாத ஒரு மனிதரோடு புதிதாகக் குடும்பம் நடத்த வேண்டியிருந்தது. அவருக்கு நேரத்துக்குச் சோறு வேண்டும், கட்டிலில் விரிப்பு சுருங்கக் கூடாது, குழந்தைகள் வரிசையில் நிற்க வேண்டும். அதையெல்லாம் மெதுவாக மாற்றி மறுபடி ஊர் மனிதராக ஆக்கியது அம்மாதான்.

ஏரிக்கரை எழுதியது:

கமண்டலநதி, நீங்கள் பதிவு செய்ததை எழுத்தாக்கும் வேலையில் உதவி வேண்டுமென்றால் நான் செய்கிறேன். தட்டச்சு எனக்கு வேகமாக வரும். ஊர்க்கோடி, உங்கள் அப்பா சம்மதித்தால் அவருடையதையும்.

ஊர்க்கோடி எழுதியது:

அப்பாவிடம் கேட்டேன். வரச் சொல்கிறார். அந்தச் சுற்றுப் பாதையையும் காட்டுவதாகச் சொன்னார்.

கமண்டலநதி எழுதியது:

பெயர்த் திருத்த மனுவும் உறுதிமொழிப் பத்திரமும் நேற்றுக் கொடுத்துவிட்டோம். பெரியம்மாவின் பிறந்த தேதியையும் சேர்த்திருக்கிறோம். சாட்சிக் கையெழுத்துக்கு என் அத்தையும் பக்கத்து வீட்டுத் தாத்தாவும் வந்தார்கள்.

சாப்பர் ஐயா, ஒரு வேண்டுகோள். பெரியம்மா உங்களைப் போன்றவர்களைப் பார்க்க ஆசைப்படுகிறார். பெரியப்பாவோடு அதே பட்டாலியனில் இருந்தவர்கள் யாராவது இன்னும் இருந்தால் இன்னும் நல்லது என்கிறார். பதினாறாம் நாள் முடிந்துவிட்டதே, இனி வரலாமா என்று யோசிக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

பழைய சாப்பர் எழுதியது:

அம்மா, முன்னாள் இராணுவத்தினர் சங்கத்தில் விசாரித்தேன். போளூர்ப் பக்கம் இருவர் இருக்கிறார்கள். இருவரும் 1971இல் பதினாறாவது மெட்ராஸ். ஒருவர் உங்கள் பெரியப்பாவின் கம்பெனியிலேயே இருந்தவராம், பெயரைச் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டார். ஞாயிறு காலை பஸ்ஸில் மூவரும் வருகிறோம். மெடல்களை மஞ்சள் துணியில் இருந்து எடுத்து வையுங்கள். பதிவு செய்ய ஏற்பாடு இருக்கட்டும். பெரியம்மாவிடம் சத்தமாகப் பேசச் சொல்லுங்கள், அந்த இருவருக்கும் காது மந்தம்.